வயோமிங்கில் ஒரு பேறுகாலம்: சதுர மைலுக்கு இரண்டு பேர்கூட இல்லாத இடத்தில் பிள்ளை பெற்ற அனுபவம்

அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் மக்கள்தொகையில் கடைசியாக நிற்பது வயோமிங். 2020 கணக்கெடுப்பில் அங்கே எண்ணப்பட்டவர்கள் 5,76,851 பேர். மதுரை மாநகராட்சியின் 2011 மக்கள்தொகையில் பாதியைச் சற்றே மிஞ்சும் இந்தத் தொகையினர், தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பரப்புள்ள நிலத்தில் சிதறி வாழ்கிறார்கள். காற்றாலை, சுரங்கம், எண்ணெய் சுத்திகரிப்பு, பல்கலைக்கழகம், மருத்துவமனை என்று ஏதோ ஒரு வேலையை ஒட்டி நம்மவர்கள் சிலரும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். சம்பளம், வாடகை, விசா ஆகியவற்றைப் பற்றி ஆலோசனை சொல்ல எத்தனையோ பேர் கிடைப்பார்கள். ஆனால் மக்கள் அடர்த்தி என்ற ஓர் எண், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியின் நாட்களையும் கைப்பணத்தையும் எப்படியெல்லாம் ஆட்டிவைக்கும் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அடுத்துப் போகிறவர்களுக்காவது தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் கணவர் மின் பொறியாளர். 2022-ஆம் ஆண்டின் நடுவில் ஹூஸ்டனில் அவருடைய ஒப்பந்தம் முடிந்து, தெற்கு வயோமிங்கில் காற்றாலைத் திட்டம் ஒன்றில் வேலை கிடைத்தபோது எனக்கு நான்காம் மாதம். வயோமிங்கில் மாநில வருமான வரி கிடையாது, வாடகையும் ஹூஸ்டனைவிடக் குறைவு என்பதால் தயக்கமின்றிக் கிளம்பினோம். கார்பன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), ஐ-80 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஊரில் வீடு கிடைத்தது. அந்தக் கவுண்டியின் பரப்பு இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2020-இல் அதில் வாழ்ந்தவர்கள் 14,537 பேர். சதுர மைலுக்குக் கணக்கிட்டால் இரண்டு பேர்கூடத் தேறாது. அமெரிக்கக் குடியேற்றத்தின் எல்லைக்கோடு மறைந்துவிட்டது என்று அறிவித்த 1890 கணக்கெடுப்பு, சதுர மைலுக்கு இரண்டு பேருக்கும் குறைவாக உள்ள நிலத்தைக் குடியேற்றம் நிகழாத நிலம் என்றே வகைப்படுத்தியது. வயோமிங் தனி மாநிலமானதும் அதே 1890-இல்தான். நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்தும், நான் குடிபோன கவுண்டி அந்த அளவுகோலைத் தாண்டவில்லை. நான் புள்ளியியல் படித்தவள் என்பதால் இதையெல்லாம் போன புதிதில் ஆர்வத்தோடு தேடிப் படித்தேன். படித்தது உடம்பில் உறைக்க இன்னும் சில வாரங்கள் ஆயின.

ஊரில் மருத்துவமனை இருந்தது. அவசரப் பிரிவும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கியது. பிரசவம் மட்டும் பார்ப்பதில்லை. பதிவு செய்யப் போன அன்று, பிரசவத்துக்கு எங்கே போகப் போகிறீர்கள் என்று அங்கிருந்த செவிலியர் இயல்பாகக் கேட்டபோது, கேள்வியே எனக்கு முதலில் விளங்கவில்லை. கிழக்கே லாரமி, வடக்கே காஸ்பர், மேற்கே ராக் ஸ்ப்ரிங்ஸ் என்று மூன்று ஊர்களின் பெயரைச் சொன்னார். மூன்றுமே ஏறக்குறைய நூறு மைல் அல்லது அதற்கு மேல். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நல்ல வானிலையில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அன்று இரவு கணவரிடம் மிகக் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர்மீது குற்றமே இல்லை. கோபத்தைக் கொட்ட அந்த ஊரில் எனக்கு வேறு மனிதர் இல்லை, அவ்வளவுதான்.

இது ஒரு மருத்துவமனையின் அலட்சியமும் அல்ல. பிரசவ வார்டு ஒன்றைத் திறந்து வைக்க வேண்டுமென்றால், பிரசவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், அறுவை அரங்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் என்று இரவும் பகலும் ஆட்கள் தயாராக இருக்க வேண்டும். வயோமிங் முழுவதிலும் ஆண்டுக்கு ஆறாயிரத்தை ஒட்டித்தான் குழந்தைகள் பிறக்கின்றன. 2010 அளவில் அது ஏழாயிரத்துக்கு மேல் இருந்தது. இந்தச் சிறு தொகையை இருபத்து மூன்று கவுண்டிகளுக்குப் பிரித்தால், சில ஊர்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு பிரசவங்கள்கூட வராது. செலவும் கட்டுப்படியாகாது, கை பழக்கமும் விட்டுப்போகும். இதனால் வயோமிங்கில் மட்டுமின்றி அமெரிக்காவின் கிராமப்புறம் எங்குமே பிரசவ வார்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. பள்ளியாக இருந்தால் மூன்று மாணவர்களை வைத்தும் ஒப்பேற்றலாம். பிரசவ அறையை அப்படி நடத்த முடியாது.

மக்கள்தொகை எண்ணிக்கையைப் பார்க்கும்போது அதற்குள் யார் அடங்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதும் அவசியம். மாநிலச் சிறைச்சாலை அந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் கைதிகள் சிறை இருக்கும் ஊரின் மக்களாகவே எண்ணப்படுகிறார்கள். எனவே ஊர்த் தொகையாகக் காட்டப்படும் எண்ணைவிட அங்கே குடும்பங்கள் குறைவு. பெண்களைவிட ஆண்கள் அதிகமாக உள்ள மிகச் சில அமெரிக்க மாநிலங்களில் வயோமிங்கும் ஒன்று. சுரங்கம், எண்ணெய்க் கிணறு, காற்றாலைக் கட்டுமானம் ஆகியவற்றுக்காக வந்து மோட்டல்களிலும் வண்டி வீடுகளிலும் தங்கி, வேலை முடிந்ததும் போய்விடும் ஆண்கள் இங்கே எப்போதும் உண்டு. இளம்பெண்கள் படிப்பதற்கு லாரமிக்கோ கொலராடோவுக்கோ போகிறார்கள்; போனவர்களில் பலர் திரும்புவதில்லை. மிச்சமிருப்போரில் முதியவர்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஊரில் பொதுமருத்துவரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் என் அம்மாவைவிட மூத்தவர்கள்.

எனக்கு எதிர்வீட்டில் இருந்த அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல். ஒரு மகன் டென்வரில், மகள் சால்ட் லேக் சிட்டியில். 1980-களில் யுரேனியம் விலை வீழ்ந்தபோது தன் பிள்ளைகளின் வகுப்பில் மாதத்துக்கு ஒரு மேசை காலியானதாகச் சொன்னார். அது வெறும் பழங்கதை அல்ல. 1980-இல் 4,69,557 ஆக இருந்த மாநில மக்கள்தொகை, 1990-இல் 4,53,588 ஆகக் குறைந்தது. எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே போனால் வரும் ஜெஃப்ரி சிட்டி, யுரேனியத்தால் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரமாகி, ஒரு சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ முழுவதும் வெறிச்சோடிப்போன ஊர். விலை ஏறும்போது வருவதும் இறங்கும்போது போவதுமாக இருக்கும் மக்களை நம்பி மருத்துவமனையோ கடையோ நிலைக்காது என்பதை அந்த அம்மையார் எனக்குப் புரியவைத்த அளவுக்கு எந்த அட்டவணையும் புரியவைக்கவில்லை. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை கடந்த நாற்பது ஆண்டுகளில் எப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்தத் தகவல், வீடு வாங்குவதா வாடகைக்கு இருப்பதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடும்.

நாங்கள் லாரமியைத் தேர்ந்தெடுத்தோம். பல்கலைக்கழக நகரம், அங்கிருந்து தெற்கே கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஏறக்குறைய அறுபத்தைந்து மைல் என்பன காரணங்கள். இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். லாரமி நகரம் ஆல்பனி கவுண்டியில் இருக்கிறது. லாரமி கவுண்டி என்ற பெயரில் இருப்பதோ தலைநகர் ஷயான் உள்ள கவுண்டி. இரண்டுக்கும் இடையே ஐம்பது மைலும் ஒரு மலைமுகடும் உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் கவுண்டி வாரியாகத் தேடினால் ஷயான் மருத்துவர்கள்தான் வரிசையாக வருவார்கள். தொலைபேசியில் பேசிய ஊழியரும் அந்தப் பட்டியலையே படித்து, உங்கள் அருகில் நிறைய மருத்துவர்கள் இருக்கிறார்களே என்றார். எனவே மருத்துவமனையின் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் சொல்லி, அது உங்கள் திட்டத்தின் வலையமைப்புக்குள், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளுக்குள், இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் எந்த ஊருக்கு அனுப்புவீர்கள் என்று பிரசவ மருத்துவமனையைக் கேட்டு, அந்த இரண்டாவது மருத்துவமனைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். வயோமிங்கில் சிக்கலான பிரசவங்களும் குறைமாதக் குழந்தைகளும் பெரும்பாலும் கொலராடோவுக்கோ யூட்டாவுக்கோ அனுப்பப்படுவது வழக்கம். உங்கள் இன்சூரன்ஸ் மாநில எல்லையோடு நின்றுவிட்டால், சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

மருத்துவர் பற்றாக்குறைக்கும் மக்கள்தொகையே வேர். இவ்வளவு குறைந்த மக்களுக்குத் தனி மருத்துவக் கல்லூரி நடத்த முடியாது என்பதால், வயோமிங் தன் மாணவர்களை வாமி என்ற கூட்டுத் திட்டத்தின் கீழ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி வழியாகப் படிக்கவைக்கிறது. இன்னொரு வழி, கான்ராட் 30 எனப்படும் விசா விலக்கு. வெளிநாட்டிலிருந்து வந்து அமெரிக்காவில் பயிற்சி முடித்த மருத்துவர்கள், மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தால் தாய்நாட்டுக்குத் திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறலாம். கலிஃபோர்னியாவுக்கும் வயோமிங்குக்கும் ஒரே மாதிரி ஆண்டுக்கு முப்பது இடங்கள். நம் ஊர் மருத்துவர்கள் இத்தகைய சிற்றூர்களில் தென்படுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மூன்று ஆண்டு முடிந்ததும் பலர் போய்விடுவார்கள். நான் முதலில் பார்த்த மருத்துவரும் என் எட்டாம் மாதத்தில் வேறு மாநிலத்துக்கு மாறிப் போனார். ஆகவே ஒவ்வொரு பரிசோதனையின் அறிக்கையையும் ஸ்கேன் படத்தையும் அன்றன்றே கேட்டு வாங்கி உங்கள் கையில் வைத்திருங்கள். எனக்குப் பின்னால் அவசரப் பிரிவில் உதவியது அந்தக் கோப்புதான்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு முழுநாள் போனது. கணவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். எரிபொருள், சாப்பாடு, வானிலை கெட்ட நாட்களில் லாரமியில் ஓர் இரவு அறை வாடகை என்று பிரசவத்துக்கு முன்பே இரண்டாயிரம் டாலருக்கு மேல் கரைந்தது. இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றை உள்ளூரிலேயே பார்த்து முடிவை லாரமிக்கு அனுப்பலாம், இடையிடையே காணொளி வழியாக மருத்துவரைப் பார்க்கலாம் என்பது கேட்ட பிறகே எனக்குச் சொல்லப்பட்டது. கேட்காமல் யாரும் சொல்வதில்லை. ஸ்கேன், பல், கண் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பதிவு செய்யும்படி கேட்டால் மகிழ்ச்சியோடு செய்து தருகிறார்கள். அந்த மாநிலத்தில் எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

இப்போது சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரமிக்குப் போகும் ஐ-80, எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. பழைய 30-ஆம் எண் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் வடக்கே மெடிசின் போ வழியாக வளைந்து போக, 1970-இல் திறக்கப்பட்ட இந்தப் புதிய பாதை தூரத்தைக் குறைப்பதற்காக மலையோரமாக அமைக்கப்பட்டது. அங்கே பனிக்காற்று மோசம் என்று உள்ளூர் மேய்ச்சல்காரர்கள் அப்போதே எச்சரித்ததாக இன்றும் ஊரில் சொல்கிறார்கள். வானத்திலிருந்து பனி விழவே வேண்டாம். தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பி அடித்தாலே பத்தடி தூரத்தில் இருக்கும் வண்டி தெரியாது. அப்போது ஊர் எல்லையில் இருக்கும் தடுப்புக் கதவுகளை இறக்கி, நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் ஊரின் மோட்டல்களும் எரிபொருள் நிலையங்களும் லாரிகளால் நிரம்பிவிடும். மாற்றுப் பாதையும் பெரும்பாலும் அதே நேரத்தில் மூடப்படும். சென்னையில் வெள்ளம் வந்தால் ஒரு தெரு மூடினாலும் இன்னொரு தெரு வழியாகப் போகலாம்; இங்கே பாதை ஒன்றுதான், ஏனென்றால் இரண்டு பாதை போடுகிற அளவுக்கு மக்கள் இல்லை. மாநிலப் போக்குவரத்துத் துறையின் 511 செயலியில் கேமராப் படங்களும் காற்றின் வேகமும் மூடல் அறிவிப்பும் கிடைக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதைப் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். வண்டியில் போர்வை, தண்ணீர், உலர்ந்த உணவு, மண்வாரி, முழு டாங்க் எரிபொருள் ஆகியவை எப்போதும் இருக்கட்டும். வழியில் பல மைல்களுக்கு அலைபேசி சிக்னல் இருக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2022-23 குளிர்காலம் வயோமிங்கில் மிகக் கடுமையானது; மாநிலத்தின் புகழ்பெற்ற ப்ராங்ஹார்ன் மான்கள் தீனி கிடைக்காமல் கூட்டம் கூட்டமாக மடிந்தன. முப்பத்தெட்டாம் வாரத்தில் லாரமியில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிடுவது என்பது எங்கள் திட்டம். அம்மாவுக்கு விசா நேர்காணல் நாள் கிடைக்காததால், கணவர்தான் எனக்கு ஒரே துணை. அவர் வேலைத்தளத்தில் இருந்த ஒரு பிற்பகலில், முப்பத்தாறாம் வாரம் முடியும் தறுவாயில், எனக்குப் பனிக்குடம் உடைந்தது. அன்று காலையிலேயே நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்தது. அவர் இருந்த தளத்திலிருந்து ஊருக்கு வரும் மண்பாதையும் பனியில் மூடிவிட்டது. தொலைபேசியில் அவர் அழுததை நான் கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு அம்மையார் தன் பழைய பிக்கப் வண்டியில் என்னை உள்ளூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரசவம் பார்க்காத மருத்துவமனை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் நான் வீட்டிலேயே சிறிது நேரம் தயங்கியிருந்தேன். அப்படி அஞ்சத் தேவையில்லை. 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை பிரசவ வலியோடு வருபவரைப் பரிசோதித்து, நிலைப்படுத்தியே ஆக வேண்டும். காப்பீடு, குடியுரிமை எதையும் காரணம் காட்ட முடியாது. வலி வந்தால் மூடிய சாலையை நோக்கி ஓடாமல் முதலில் அங்கேதான் போக வேண்டும். அவசரப் பிரிவு மருத்துவர் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார். லாரமி மருத்துவருடன் பேசினார். இங்கேயே பிறந்துவிட்டால் அதற்கும் ஆயத்தம் செய்தார். விமான ஆம்புலன்ஸைக் கேட்டார்கள்; அந்தக் காற்றில் பறக்க முடியாது என்று பதில் வந்தது. விமான ஆம்புலன்ஸ் சந்தா கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சாலையை மூடுகிற அதே காற்றுதான் விமானத்தையும் நிறுத்துகிறது. தவிர, சந்தா என்பது அந்த ஒரு நிறுவனத்தின் விமானம் வந்தால் மட்டுமே செல்லும். எந்த விமானம் வரும் என்று முடிவு செய்வது நாம் அல்ல.

இரவு வெகு நேரம் கழித்து, பனி அகற்றும் வண்டி ஒன்று முன்னால் செல்ல, அதன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸ் கிளம்பியது. அந்தப் பயணம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வலிக்கு இடையில், உடன் வந்த இளைஞரிடம் நீங்கள் பிரசவம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மாடுகளுக்குப் பார்த்திருக்கிறேன் என்றார். வயோமிங்கில் மனிதரைவிட மாடுகள் இரு மடங்கு. எனவே அனுபவத்துக்குக் குறைவிருக்காது என்று நினைத்துச் சிரித்தேன். அந்த இரவில் சிரித்தது அந்த ஒரு முறைதான். அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர், பகலில் பண்ணை வேலை செய்பவர் என்பது பின்னால் தெரிந்தது. வயோமிங்கின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் சேவை இப்படித்தான் ஓடுகிறது. தன்னார்வலர்களும் மூத்துக்கொண்டே போகிறார்கள்.

மகள் லாரமியில், விடிவதற்கு முன் பிறந்தாள். மூச்சு வாங்குவதில் சிரமம் இருந்ததால், காற்று தணிந்ததும் அவளைக் கொலராடோவில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். நான் தையலோடு லாரமியில் படுத்திருந்தேன். கணவர் ஐ-80 திறந்ததும் என்னைப் பார்க்க வராமல் நேரே அவளிடம் போகும்படி நான்தான் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் பிள்ளையும் இல்லை, அம்மாவும் இல்லை, கணவரும் இல்லை. அந்த வெறுமையை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் சரியாக வரவில்லை. இப்படி நேரலாம் என்று முன்கூட்டியே யோசித்து, தாயையும் சேர்த்து மாற்ற முடியுமா, எந்த நிலையில் முடியாது என்று மருத்துவரிடம் எட்டாம் மாதத்திலேயே பேசிவைப்பது நல்லது. சில மருத்துவமனைகளுக்கு அருகில் நோயாளிக் குழந்தைகளின் பெற்றோர் குறைந்த கட்டணத்தில் தங்கும் இல்லங்கள் உண்டு. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கேட்டால் இடம் பிடித்துத் தருவார். எங்களுக்கு அது தெரியவரும் முன்பே மோட்டலுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்திருந்தோம்.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்ஸிஜன் சிலிண்டரும் கூடவே வந்தது. என் நெஞ்சே நின்றுவிட்டது. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,800 அடி உயரத்தில் இருக்கிறது. இத்தகைய உயரங்களில் பிறந்த குழந்தைகளுக்குச் சில வாரங்கள் மூக்குக் குழாயில் ஆக்ஸிஜன் வைத்து அனுப்புவது கொலராடோவிலும் வயோமிங்கிலும் மிகச் சாதாரணம் என்று செவிலியர் விளக்கிய பிறகே மூச்சு வந்தது. இதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பயம் மிச்சமாகியிருக்கும். சிலிண்டர் கொடுக்கும் நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது, சாலை மூடினால் மாற்றுச் சிலிண்டர் எத்தனை நாளுக்கு வேண்டும், மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டு, ஒன்று கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.

தனிமை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வயோமிங்கில் ஆசிய வம்சாவளியினர் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். நமக்கு வேண்டிய மளிகைக்கு ஃபோர்ட் காலின்ஸோ டென்வரோ போக வேண்டும். பத்தியச் சாமான்களை ஏழாம் மாதத்திலேயே வாங்கி வைத்தது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் ஆள் குறைந்த ஊரில் ஒருவர் துன்பம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் பெயர் தெரியாதவர்கள் வாசல் பனியை வாரிவிட்டுப் போனார்கள், உணவு கொண்டுவந்து வைத்தார்கள். அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டேன். ஆனாலும் அண்டை வீட்டாரின் நல்ல மனம் மயக்க மருந்து மருத்துவருக்கு ஈடாகாது. சிற்றூர் மனிதர்களின் அன்பைப் பற்றி மட்டும் பேசி உங்களைச் சம்மதிக்கவைக்கப் பார்க்கும் வேலை ஆள்சேர்ப்பாளர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி, வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை. குடும்பத்தில் பேறுகாலமோ நாட்பட்ட நோயோ இருந்தால், நிறுவனத்திடம் சம்பள உயர்வைவிட முதலில், கடைசி மூன்று வாரம் மருத்துவமனை உள்ள ஊரில் தங்க வாடகை தருவார்களா, அந்த நாட்களில் கணவருக்கோ மனைவிக்கோ தொலைவிலிருந்து வேலை பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அத்தகைய ஊர்களுக்கு ஆள் கிடைப்பது கடினம் என்பதால், பேரம் பேசும் பலம் உங்களிடம்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் பிரசவ நாள் வருவதாக இருந்தால் முப்பத்தெட்டு வாரம் வரை காத்திருக்காமல் முப்பத்தாறிலேயே இடம் மாறிவிடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எங்களுக்கு அந்த இரண்டு வார வாடகையை மிச்சப்படுத்தியதில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

கடைசியாகப் பணக் கதை. விமான ஆம்புலன்ஸின் கட்டணம் பல பத்தாயிரம் டாலர் என்று தாள் வந்தபோது கணவர் ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. ஆனால் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டத்தின்படி, வலையமைப்புக்கு வெளியே உள்ள விமான ஆம்புலன்ஸுக்கும் அவசர சிகிச்சைக்கும், வலையமைப்புக்குள் இருந்தால் நாம் கட்டியிருக்கும் பங்குக்கு மேல் நம்மிடம் வசூலிக்கக் கூடாது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பனிவண்டியின் பின்னால் போன அந்தப் பயணத்துக்கு இரண்டாயிரம் டாலர் அளவில் நாங்களே கட்டினோம். கொலராடோ மருத்துவமனைச் செலவை இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் மறுத்தது. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் மறுக்கப்பட்டால் இன்சூரன்ஸ் நிறுவனத்தைச் சாராத வெளியார் மறுஆய்வு கேட்க நான்கு மாத அவகாசம் உண்டு. அன்றைய சாலை மூடல் அறிவிப்பு, விமானம் பறக்க முடியாது என்று அவசரப் பிரிவு எழுதிய குறிப்பு, அருகில் தகுந்த சிகிச்சை இல்லை என்று லாரமி மருத்துவர் தந்த கடிதம் ஆகிய மூன்றையும் இணைத்து அனுப்பினோம். பெரும்பகுதி ஏற்கப்பட்டது. எல்லாம் கழித்து எங்கள் கையிலிருந்து போனது பதினோராயிரம் டாலருக்குச் சற்று மேல். இத்தனைக்கும் நடுவில், பிறந்த குழந்தையை நிறுவனத்தின் காப்பீட்டில் பெயர் சேர்க்கப் பெரும்பாலும் முப்பது நாள்தான் கெடு என்பதை மறந்துவிடாதீர்கள்; மருத்துவமனையிலிருந்து ஒருவர் கைப்பேசியில் செய்துவிடக்கூடிய வேலை அது, பிறப்புச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றுதான் எங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள்.